காற்றுக்கு வீடு, தண்ணீருக்கு மனை

இருக்கிற வீட்டைச் சரிபார்த்துக்கொண்டு இங்கேயே இருக்கப்போகிறீர்களா, வேறு இடத்துக்குப் போகப்போகிறீர்களா? எல்லாக் குடும்பத்திலும் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து அடங்கும் இந்தக் கேள்வியை, கடலூர் மாவட்டக் கரையோர மக்களிடம் அரசாங்கமே எழுத்துமூலம் கேட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமி முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. 2005 மார்ச் 30 அன்று வருவாய்த் துறை 172-ஆம் எண் அரசாணையை வெளியிட்டது. கடல் ஏறும் எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்களுக்கும் வீடு சேதமானவர்களுக்கும் அது ஒரு தேர்வைக் கொடுத்தது. அந்த எல்லைக்கு வெளியே வந்தால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பில் புது வீடு இலவசம். வர மனமில்லையென்றால் இருக்கும் இடத்திலேயே பழுது பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு அரசிடமிருந்து ஒரு காசு கிடைக்காது.

இதை மறுபடி படித்துப் பாருங்கள். போகிறாயா, இருக்கிறாயா என்று கேட்டுவிட்டு, போவதற்கு மட்டும் பணம் வைத்தார்கள். எல்லாம் இழந்து பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் தங்கியிருந்த குடும்பத்துக்கு, கையில் பணமில்லாத தேர்வு எப்படித் தேர்வாகும்? வீடு என்ற விஷயத்தில் நம் அரசுகளும் வங்கிகளும் வரிச் சட்டமும் எல்லாக் காலத்திலும் செய்துவருவதும் இதையேதான். புதிதாகக் கட்டினால், வாங்கினால் கை கொடுப்பார்கள். பழையதைக் காப்பாற்ற நினைப்பவன் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேவனாம்பட்டினம், தாழங்குடா, சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு என்று கடலூரை ஒட்டிய ஊர்களில் தொடங்கி, தெற்கே சாமியார்பேட்டை, புதுக்குப்பம், கிள்ளை வரை இந்தக் கேள்வி வீடுவீடாகப் போனது. மீனவக் குடும்பத்துக்கு வீடு என்பது படுக்கும் இடம் மட்டும் இல்லை. வலை உலர்த்துவது, மோட்டாரை இறக்கி வைப்பது, கடலின் நிறத்தையும் நீரோட்டத்தையும் பார்த்து இன்று தொழிலுக்குப் போகலாமா என்று முடிவெடுப்பது எல்லாம் வாசலில் நின்றுதான் நடக்கும். ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளி வீடு வந்தால், விடியுமுன் கரைக்கு வரும் பெண் மீன் கூடையோடு நடக்கும் தூரம் கூடும். படகுக்குக் காவல் யார் என்ற கேள்வியும் வரும். பழைய மனையை அரசிடம் ஒப்படைத்தால்தான் புது வீடு என்ற நிபந்தனையும் இருந்தது. கரையை நாளைக்கு யாருக்குக் கொடுப்பார்களோ என்ற பயம் அதிலிருந்து பிறந்தது. அதனால் தமிழ்நாட்டுக் கடலோரம் நெடுகப் பல குடும்பங்கள் பாதி மாறின. இரவில் குழந்தைகள் உள்ளே உள்ள காலனியில், பகலில் பெரியவர்கள் கரையில். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் ஒரு குடும்பம் திரும்பவும் கடலோரத்துக்கே வந்துவிடும்.

அரசு மனசாட்சியில்லாமல் நடந்துகொண்டது என்று சொல்லவரவில்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயிருந்தன. பிச்சாவரத்துக்குக் கிழக்கே கழிமுகத்துக்கும் கடலுக்கும் நடுவே இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற சிறு குடியிருப்பு, மக்கள் திரும்பிக் குடியேற முடியாதபடி காலியானது. அங்கே போய் வீட்டைச் சரிபார்த்துத் தருகிறேன் என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. 1991-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பும் 200 மீட்டருக்குள் புதுக் கட்டடத்துக்கு இடம் தரவில்லை. ஆக, அந்த அரசாணைக்குக் காரணம் இருந்தது. குறை அதன் அளவுகோலில். கடலிலிருந்து எத்தனை மீட்டர் என்று மட்டுமே அது பார்த்தது. தரை எவ்வளவு உயரம் என்று பார்க்கவில்லை.

இதைப் பற்றி அறிவியல் உலகில் நடந்த ஒரு சண்டையே உண்டு. அதன் களமும் பெரும்பாலும் நம் பக்கத்துக் கரையே. சுனாமிக்குப் பிறகு, பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் கதிரேசனும் இராஜேந்திரனும் 18 கடலோரக் குடியிருப்புகளை ஆராய்ந்து, அலையாத்திக் காடு சேதத்தைக் குறைத்தது என்று எழுதினார்கள். கடலூர் மாவட்டக் கரையை வைத்து 2005 அக்டோபரில் 'சயன்ஸ்' இதழில் வந்த இன்னொரு ஆய்வும் கடலோர மரங்களுக்கே வாக்களித்தது. அடுத்த ஆண்டே வேறு சிலர், கதிரேசன் குழுவின் அதே எண்களை எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டார்கள். கடலிலிருந்து உள்ள தூரத்தையும் தரையின் உயரத்தையும் சேர்த்துப் பார்த்தால், காட்டின் பங்கைத் தனியாக நிறுவ முடியவில்லை என்றார்கள். காட்டுக்காக வாதாடுகிறவர்களுக்கு அது கசந்தது. எனக்கும் பிச்சாவரத்துச் சுரபுன்னை மேல் பிரியம் உண்டு. ஆனாலும் வீட்டுக்காரன் காதில் போட்டுக்கொள்ள வேண்டிய செய்தி அந்தச் சண்டையின் நடுவில் இருக்கிறது. தண்ணீர் வரும்போது சுவரின் கனத்தை விட, அந்தச் சுவர் நிற்கும் மண்ணின் மட்டம்தான் கணக்கில் வருகிறது.

ஏழு வருடம் கழித்து இதற்கு நேர் எதிரான பாடம் வந்தது. 2011 டிசம்பர் 30 காலை, தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை ஏறியது. பண்ருட்டிப் பலா, முந்திரித் தோப்புகள் கிடந்த கிடையை இந்த மாவட்டம் மறக்காது. கூரை வீடும் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடும் பறந்தன. அதே தெருவில், அதே மட்டத்தில் நின்ற கான்கிரீட் வீடு ஜன்னல் கண்ணாடியோடு தப்பியது. அங்கே இடம் மாற்றிப் பயனில்லை. பத்து கிலோமீட்டர் உள்ளே போனாலும் அதே காற்று. கூரையைத்தான் மாற்ற வேண்டும். குடிசைகளுக்குப் பதிலாக, இருக்கும் மனையிலேயே, வீட்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று கான்கிரீட் வீடு கட்டும் சிறப்புத் திட்டத்தை அப்போதைய அரசு கொண்டுவந்தது. அந்த முடிவு சரியான முடிவு.

காற்றுக்கு வீடு பதில் சொல்லும். தண்ணீருக்கு மனைதான் பதில் சொல்லும். ஆல்ட்ரேஷனா, இடித்துக் கட்டுவதா, விற்றுவிட்டுப் போவதா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் வீட்டுக்கு எதிரி யார் என்பதுதான். விரிசல், ஓதம், துருப்பிடித்த கம்பி, ஒழுகும் ஓடு, போதாத அறை என்று வந்தால் வீட்டில் கை வைத்தால் போதும். வாசலில் முழங்கால் தண்ணீர் என்று வந்தால், மார்பிள் பதித்தாலும் மாடுலர் கிச்சன் போட்டாலும் பிரச்சினை அங்கேயே இருக்கும்.

கம்பித் துருவைப் பற்றி மட்டும் இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கடலூர் முதுநகரில் இருந்து பரங்கிப்பேட்டை வரை உப்புக் காற்றில் நிற்கும் கான்கிரீட் வீடுகளில் இதுதான் பெரிய நோய். கடலோரச் சூழலை இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 'கடுமையானது' என்று வகைப்படுத்தி, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும், கலவை எம்30-க்குக் குறையக் கூடாது என்கிறது. சென்ட்ரிங் அடிக்கும் இடத்தில் போய்ப் பாருங்கள், பல இடங்களில் இருபது மில்லி கவர் பிளாக் இருந்தாலே அதிர்ஷ்டம். பத்துப் பதினைந்து வருடத்தில் கம்பி ஊதி, சீலிங் பெயர்ந்து விழும். விழுந்த இடத்தில் சிமெண்ட் பூசி வெள்ளையடிப்பது பழுது பார்ப்பதாகாது. கம்பியை முழுதும் வெளிப்படுத்தி, துருவைச் சுரண்டி, மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்து மூட வேண்டும். தளம் முழுக்க அப்படியிருந்தால் தளத்தை எடுத்துவிட்டுப் போடுவதே சிக்கனம். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவருக்கு இதற்கு நேர்மாறு. அதன்மேல் சிமெண்ட் பூச்சு போட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு பூத்து, இரண்டு மழைக்குள் பொரிந்துவிடும். சிதம்பரத்து ஓட்டு வீடுகளில் பாதி, இந்தச் சிமெண்ட் பூச்சால்தான் கெடுகிறது. வயதின் மேல் பழி போடுகிறார்கள்.

ரோடு ஏறிய கதை

கடலைவிட்டு ஊருக்குள் வருவோம். சிதம்பரம் வீதிகளிலும் சன்னதிகளிலும் ஒருகாலத்தில் மூன்று படி ஏறித் திண்ணைக்குப் போன வீடுகள், இன்று தெருவோடு சமமாகவோ தெருவுக்குக் கீழேயோ கிடக்கின்றன. மண் தெரு, அதன்மேல் ஜல்லி, அதன்மேல் தார், அதன்மேல் மறுபடி தார். இப்போது சிமெண்ட். கடலூர் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் இதே கதைதான். வீட்டுக்காரர் எந்தத் தப்பும் செய்யவில்லை. வீடும் எங்கும் போகவில்லை. தெரு மேலே போய்விட்டது. இந்த வீட்டுக்காரர்கள்தான் 'இனி இந்த ஊரில் குடியிருக்க முடியாது' என்று அதிகம் சொல்கிறவர்கள். அப்படிச் சொல்ல வைத்தது ஒப்பந்ததாரரின் வேலை.

பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அதே மட்டத்தில் புதுத் தார் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு எல்லாத் துறைகளுக்கும் அறிவுறுத்தினார். நல்ல உத்தரவு. பெரிய சாலைகளில் சுரண்டும் எந்திரத்தைப் பார்க்கவும் முடிகிறது. நகராட்சிச் சந்துகளில் அதை எதிர்பார்க்கிறவர் எதிர்பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். தெருவில் ரோடு போட ஆள் வந்தால் வீட்டுவரி ரசீதோடு போய், உத்தரவைச் சொல்லி நிறுத்துங்கள். உங்கள் வீட்டுக்குச் செய்யக்கூடிய மிக மலிவான பராமரிப்பு அதுதான்.

ஏற்கெனவே தாழ்ந்துபோன வீட்டுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குவது. ஹரியானாவில் இருந்து வந்த குழுக்கள் தமிழ்நாட்டுக்கு அறிமுகப்படுத்திய வேலை. கடைக்காலுக்கு மேல் சுவரைச் சுற்றிலும் குடைந்து, நூற்றுக்கணக்கான ஜாக்கிகளை வரிசையாகக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மூன்று நான்கு அடி உயர்ந்ததும் அடியில் செங்கல் கட்டி மூடிவிடுவார்கள். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிற்க, வீடு மேலே எழும்புவதைத் தெருவே கூடி நின்று பார்க்கும். அதே அளவுக்கு இடித்துக் கட்டுவதைவிடச் செலவு நிச்சயம் குறைவு. ஆனால் எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது. பழைய சுண்ணாம்புச் சுவருக்கும் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் உள்ள வீட்டுக்கும் பயந்து செய்ய வேண்டிய வேலை. சிதம்பரத்தில் பொதுச்சுவர் இல்லாத பழைய வீடு எங்கே இருக்கிறது?

சிதம்பரத்து வீடுகளுக்கு இன்னொரு நோயும் உண்டு. எந்தக் கொத்தனாராலும் அதைத் தீர்க்க முடியாது. வீடு தாத்தா பெயரில் இருக்கும். பேரப்பிள்ளைகள் பெங்களூரிலும் டல்லாஸிலும் இருப்பார்கள். 1989-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் பெண்களுக்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம பங்கு கொடுத்தது. நியாயமான சட்டம். ஆனால் பாகப் பத்திரம் எழுதாமலே விட்ட வீடுகளில் பங்காளிகளின் எண்ணிக்கை தலைமுறைக்குத் தலைமுறை பெருகுகிறது. ஒரு ஓடு மாற்ற வேண்டும் என்றாலும் ஏழு பேரிடம் கேட்க வேண்டும். நான் ஏன் செலவு செய்ய வேண்டும் என்று ஏழு பேரும் நினைப்பார்கள். அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருந்தால் இன்னும் சிக்கல். கட்டடம்தான் நம்முடையது, மண் நம்முடையது இல்லை. இப்படிப்பட்ட வீடுகளில் பழுதா, இடமாற்றமா என்ற விவாதமே பொய். அங்கே முதல் வேலை பத்திர எழுத்தரிடமும் வக்கீலிடமும்தான் இருக்கிறது. மேஸ்திரியை அதற்கு அப்புறம் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

இந்த ஊரில் இடம் மாறுவதைப் பற்றிப் பேசினால் பெரியவர்கள் நடராஜரையே இழுத்துவிடுவார்கள். பதினேழாம் நூற்றாண்டில் படையெடுப்புக்கு அஞ்சி 1648-இல் மூர்த்தியை வெளியே கொண்டுபோனார்கள். குடுமியான்மலையிலும் மதுரையிலுமாக இருந்து, 1686-இல்தான் அவர் தில்லைக்குத் திரும்பினார். முப்பத்தேழு வருடத்துக்கு மேல் வெளியூர் வாசம். ஆனாலும் நமக்குப் பொருத்திப் பார்க்க முடியாது. திரும்பி வரும்வரை பொன்னம்பலத்தை யாரும் பிளாட் போட்டு விற்கவில்லை.

சரி, விற்றுவிட்டுப் போகிறவர்களின் கணக்கைப் பார்ப்போம். புது வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்ததை 2023 ஏப்ரலில் குறைத்தார்கள். கூடவே வழிகாட்டி மதிப்பை ஏற்றிவிட்டார்கள். நாற்பது லட்ச ரூபாய் வீட்டுக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம் பத்திரச் செலவு மட்டும். புரோக்கர் கமிஷன், வண்டி வாடகை, புது வீட்டில் நாம் செய்தே தீரும் கிரில், லாஃப்ட், மோட்டார் எல்லாம் தனி. இந்தப் பணத்துக்குப் பழைய வீட்டின் தளத்தை ஒழுங்காக ஒட்டுப் போட்டு, வயரிங்கையும் மாற்றி, ஒரு கழிப்பறையும் கட்டிவிடலாம். வரிச் சட்டமும் புதுசுக்குத்தான் சாய்கிறது. பழைய வரி முறையில், குடியிருக்கும் வீட்டை வாங்கவோ கட்டவோ எடுத்த கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிவு. பழுது பார்க்க எடுத்த கடனுக்கு 30 ஆயிரம் மட்டும்.

அதைவிட முக்கியம், எங்கே போகிறோம் என்பது. பழைய ஊர்களை நம் முன்னோர் மேட்டில்தான் வைத்தார்கள். நத்தம் என்று பதிவான இடம் பெரும்பாலும் அந்தக் கிராமத்தின் உயரமான இடமாக இருக்கும். புது நகர்கள் எழுவது நஞ்சையில். கரும்பும் நெல்லும் விளைந்த இடத்தில் கல் நட்டு, கொஞ்சம் கிராவல் கொட்டி, அடிக்கணக்கில் விற்கிறார்கள். சிதம்பரத்தைச் சுற்றிப் பாசிமுத்தான் ஓடை, கான்சாகிப் வாய்க்கால் பக்கமெல்லாம் அப்படித்தான் மனைகள் வளர்கின்றன. தெருவில் கணுக்கால் தண்ணீர் நிற்கிறது என்று மேட்டு வீட்டை விற்றுவிட்டு, இடுப்பளவு தண்ணீர் வரும் வயலில் வீடு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். வில்லங்கச் சான்று பார்க்கிறவர்கள் அ-பதிவேட்டைப் பார்ப்பதில்லை. சர்வே எண்ணைப் போட்டால் அது நஞ்சையா, புஞ்சையா, பக்கத்து எண் ஓடைப் புறம்போக்கா என்று அரசின் இணையச் சேவையிலேயே தெரிந்துவிடும்.

2024 டிசம்பர் 2 இந்தப் பாடத்தை மறுபடி நடத்தியது. ஃபெஞ்சல் புயலின் மழையில் திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து விடியுமுன் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டது. அத்தனையும் தென்பெண்ணை வழியாகக் கடலூருக்கே வந்தது. குண்டு உப்பலவாடி, நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு எல்லாம் மூழ்கின. அங்கே வீட்டின் தரமோ, கொத்தனாரின் திறமையோ எதற்கும் உதவவில்லை. சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடத்துக்குள் கிடக்கும் பெராம்பட்டு, கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் மக்களுக்கு இது பழகிய கதை. மேட்டூர் நிரம்பி உபரிநீர் வரும்போதெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு முகாமுக்கு வருவார்கள், தண்ணீர் வடிந்ததும் திரும்புவார்கள். நிலம் அங்கே இருக்கிறது, மாடு அங்கே இருக்கிறது. அவர்களிடம் நகரத்தார் 'ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள்' என்று கேட்பது சுலபம். இரவு தங்க உயரமான இடத்தில் ஒரு வீடு, பகலுக்குப் பழைய மண் என்று இரண்டையும் அனுமதிக்கும் திட்டம்தான் அவர்களுக்குத் தேவை. சுனாமிக்குப் பின் மீனவர்கள் தாங்களாகவே செய்துகொண்டது அதைத்தானே?

இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. 1956-இல் தொடங்கிய நெய்வேலி நிறுவனத்தின் சுரங்கம் விரியும் திசையில் வீடு இருந்தால், போவது மட்டும்தான் உண்டு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றைத் திருப்பக் கால்வாய் வெட்ட, நெற்பயிருக்குள் எந்திரத்தை இறக்கினார்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் வருடக்கணக்காக யாரும் வீட்டுக்கு வெள்ளையடிப்பதில்லை, புது அறை எடுப்பதில்லை. எப்போது நோட்டீஸ் வரும் என்று தெரியாமல் செலவு செய்ய யாருக்கு மனம் வரும்? அது தனிக் கட்டுரைக்கு உரிய துயரம்.

அரசு இப்போது கொஞ்சம் திரும்பியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2024-இல் கலைஞர் கனவு இல்லத்துக்கு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் ஒதுக்கியதோடு, ஊரகப் பகுதிகளில் அரசுத் திட்டங்களில் கட்டிய பழைய வீடுகளைப் பழுது பார்க்க 2,000 கோடி ரூபாயில் இரண்டரை லட்சம் வீடுகளுக்குத் திட்டம் அறிவித்தார்கள். பழுது பார்ப்பதும் வீட்டுவசதிதான் என்று கோட்டை ஒப்புக்கொண்டது பெரிய மாற்றம். ஆனால் 2001-க்கு முன் கட்டியவை என்று கோடு போட்டுவிட்டார்கள். உப்புக் காற்றில் கம்பி ஊதி நிற்கும் சுனாமிக் குடியிருப்புகளும், அதற்குப் பின் வந்த தானே வீடுகளும் கோட்டுக்கு வெளியே. போனால்தான் வீடு என்று கூட்டிப்போய்க் குடிவைத்த அதே மக்களிடம், அந்த வீடு இடியும் வயதில், உங்கள் வீடு இன்னும் பழையதாகவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? கடலோர மாவட்டங்களுக்கு அந்த ஆண்டுக் கணக்கைத் தளர்த்தி, கட்டடத்தின் நிலையை வைத்துப் பணம் தர வேண்டும். தளத்தை மாற்றவும், வீட்டைத் தூக்கவும், கடைக்கால் மட்டத்தை உயர்த்தவும் அதிலேயே இடம் வேண்டும்.

கடலூர் மாநகராட்சியும் சிதம்பரம் நகராட்சியும் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு, செலவும் அதிகமில்லை. 2015 வெள்ளத்திலும் 2024 வெள்ளத்திலும் எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பதை அளந்து, வார்டு வாரியாக வெளியிட வேண்டும். வீட்டு வரைபட அனுமதியில் தரைமட்ட உயரத்தை வருடாவருடம் ஏறும் ரோட்டிலிருந்து கணக்கிடாமல், நகரத்துக்குள் நிலையான ஒரு மட்டக்கல்லிலிருந்து கணக்கிட வேண்டும். அந்த இரண்டு எண்ணும் கையில் இருந்தால், வீடு வாங்கப் போகிறவர், விற்கப் போகிறவர், ஆல்ட்ரேஷன் செய்யப் போகிறவர் யாரும் புரோக்கர் சொல்வதை நம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.